பதினாறு டன் பசை

1955-ல் நோபல் பரிசு வாங்கப் போன வில்லிஸ் லாம்ப், பரிசுரையிலேயே ஒரு புலம்பலைச் சேர்த்துக்கொண்டார். முன்பெல்லாம் புதிதாக ஓர் அடிப்படைத் துகளைக் கண்டுபிடித்தால் நோபல் கிடைக்கும். இப்போதோ கண்டுபிடிக்கிறவருக்குப் பத்தாயிரம் டாலர் அபராதம் போட்டால் தேவலை என்று யாரோ சொல்லக் கேட்டாராம். பொறாமையில் சொன்ன பேச்சில்லை. நிலைமை அப்படி. எலெக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் என்று சிக்கனமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த இயற்பியலில், போர் முடிந்த கையோடு பையான், கேயான், லாம்டா, சிக்மா, க்ஸை என்று அழைக்காத விருந்தாளிகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு புது முடுக்கியும் சுவிட்சைப் போட்டதும் நாலு பெயரைத் துப்பியது. இத்தனை பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ள முடிந்தால் நான் தாவரவியலுக்கே போயிருப்பேனே என்று என்ரிகோ ஃபெர்மி ஒரு இளைஞரிடம் அலுத்துக்கொண்டதாகக் கதை உண்டு.

இந்தக் கும்பலை வரிசையில் நிறுத்த இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மர்ரே கெல்-மான். 15 வயதில் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். பறவைகள், மொழிகள், தொல்லியல் எதைத் தொட்டாலும் பத்து நிமிஷம் பிரசங்கம் செய்வார். வந்தவரின் பெயரை வந்தவருக்கே சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொடுக்கும் நல்ல மனசும் உண்டு. இன்னொருவர் யுவால் நேமான், இஸ்ரேல் ராணுவத்தில் கர்னல். லண்டன் தூதரகத்தில் ராணுவ அதிகாரியாக இருந்துகொண்டே ஒழிந்த நேரத்தில் பொதுச் சார்பியல் படிக்கலாம் என்று கிளம்பினார். அதற்குரிய இடம் கிங்ஸ் கல்லூரி. ஆனால் தூதரகத்திலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் லண்டன் டிராஃபிக்கில் ஆவி போய்விடும். கூப்பிடு தூரத்தில் இம்பீரியல் கல்லூரி இருந்தது. அங்கே இருந்தது பொதுச் சார்பியல் இல்லை, அப்துஸ் சலாம். சரி, அதுவும் இயற்பியல்தானே என்று கர்னல் துகள்களுக்கு மாறினார். துகள் இயற்பியலுக்கு டிராஃபிக் நெரிசல் செய்த ஒரே உபகாரம் இதுவாகத்தான் இருக்கும்.

1961-ல் இரண்டு பேரும் தனித்தனியே ஒரே அட்டவணையில் போய் நின்றார்கள். துகள்களை எட்டெட்டாகவும் பத்தாகவும் அடுக்கினால் அழகாக உட்கார்ந்தன. கெல்-மான் அதற்கு புத்தரின் எண்வகை மார்க்கத்தின் பெயரைச் சூட்டினார். புத்தருக்கும் இதற்கும் உள்ள ஒரே சம்பந்தம் எட்டு என்ற எண்ணிக்கைதான். அடுத்த வருஷம் ஜெனீவாவில் மாநாடு. பத்துப் பேர் வரிசையில் ஒன்பது நாற்காலி நிரம்பிவிட்டது என்று புதுச் செய்தி வந்ததும் அரங்கில் இரண்டு கைகள் உயர்ந்தன. தலைவர் கெல்-மானைக் கூப்பிட்டார். அவர் கரும்பலகைக்கு நடந்துபோய், பத்தாவது நாற்காலிக்கு ஒமேகா-மைனஸ் என்று ஒரு துகள் வரும், அதன் நிறை இவ்வளவு இருக்கும் என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தார். அதே விஷயத்தைச் சொல்ல உயர்ந்த கர்னலின் கை அப்படியே இறங்கியது. 1964 தொடக்கத்தில் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் சுமார் ஒரு லட்சம் புகைப்படங்களைத் துழாவி ஒமேகா-மைனஸைப் பிடித்தார்கள். சொன்ன இடத்தில், ஏறக்குறைய சொன்ன எடையில்.

அட்டவணை சரி. ஏன் எட்டு, ஏன் பத்து? மூன்று உருப்படிகளைக் கலந்து கட்டினால் எட்டும் பத்தும் தானாக வரும் என்பது கெல்-மானுக்குத் தெரியும். சங்கடம் என்னவென்றால் அந்த உருப்படிகளின் மின்னூட்டம் 2/3, -1/3 என்று வந்து தொலைத்தது. மில்லிகன் எண்ணெய்த் துளியை வைத்து அளந்த காலத்திலிருந்து மின்னூட்டம் முழு எண்ணாகத்தான் வரும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டத்தை எந்த முகத்தோடு வெளியே சொல்வது? ஜேம்ஸ் ஜாய்ஸ் நாவலிலிருந்து குவார்க் என்று ஒரு பெயரை உருவினார். அமெரிக்காவின் பெரிய பத்திரிகைக்கு அனுப்பினால் திருப்பி அடிப்பார்கள் என்ற பயத்தில் ஐரோப்பாவின் 'ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழுக்கு இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினார். அதன் கடைசியில் ஒரு வரி: பெரிய முடுக்கிகளில் குவார்க்கைத் தேடிப் பார்த்தால், நிஜமான குவார்க் இல்லவே இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். பிள்ளையைப் பெற்று, பேர் வைத்து, அதே கடுதாசியில் 'இது என் பிள்ளை இல்லை' என்று அடிக்குறிப்பும் போட்டவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்.

அதே நேரம் ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஸ்வெய்க் என்ற இளைஞர் அதே முடிவுக்கு வேறு வழியில் வந்திருந்தார். தன் உருப்படிகளுக்குச் சீட்டாட்டத்திலிருந்து 'ஏஸ்' என்று பெயர் வைத்தார். அவருக்குக் கெல்-மான் மாதிரி சாமர்த்தியம் கிடையாது. ஏஸ் நிஜம், புரோட்டானுக்குள்ளே நிஜமாகவே மூன்று பொருள் உட்கார்ந்திருக்கிறது என்று பச்சையாக எழுதினார். பலன் உடனே கிடைத்தது. செர்ன் வழக்கப்படி ஐரோப்பியப் பத்திரிகையில்தான் போட வேண்டும் என்று நிர்வாகம் மல்லுக்கு நின்றதில், அவர் விரும்பியபடி கட்டுரை அச்சேறவே இல்லை. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்க இருந்தபோது அங்கிருந்த பெரியவர் ஒருவர் 'இவன் ஒரு போலி' என்று சொல்லிக் கெடுத்தார் என்று ஸ்வெய்க் பிற்பாடு சொல்லியிருக்கிறார். கெல்-மானுக்கு 1969-ல் நோபல் வந்தது. பரிசுக் குறிப்பில் துகள்களை வகைப்படுத்தியதற்காக என்றுதான் இருந்தது, குவார்க் என்ற சொல் இல்லை. பரிசுரையை அச்சுக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றவர் கடைசி வரை கொடுக்கவில்லை. ஸ்வெய்க் காதுக்குள் ஒலி எப்படி நரம்புக்குப் போகிறது என்ற ஆராய்ச்சிக்குப் போய், அங்கிருந்து பங்குச் சந்தையில் கணக்குப் போட்டுக் கோடிகளைக் குவிக்கும் ஒரு நிறுவனத்துக்கும் போனார். போலி என்று திட்டு வாங்கியவர் பிழைக்கத் தெரியாதவர் இல்லை.

இல்லை என்று கண்டுபிடித்தவரே சொன்ன பிறகு சும்மா இருப்பார்களா? தேடல் படலம் ஆரம்பித்தது. கடல்நீரில் தேடினார்கள், காற்றில் தேடினார்கள், விண்கல்லைப் பொடித்துத் தேடினார்கள். 1969-ல் சிட்னியில் மெக்கஸ்கர், வானத்திலிருந்து கொட்டும் காஸ்மிக் கதிர்களில் குவார்க் தடம் தெரிகிறது என்றார். யாருக்கும் அப்புறம் தெரியவில்லை. 1977-ல் ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் ஃபேர்பாங்க், நையோபியம் உலோகத்தில் கடுகைவிடச் சின்னக் குண்டுகளைச் செய்து, உறைகுளிரில் காந்தத்தால் அந்தரத்தில் மிதக்கவிட்டு அளந்து, மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் இருக்கிறது என்று அறிவித்தார். கெட்டிக்காரரான லூயிஸ் ஆல்வாரெஸ் ஒரு யோசனை சொன்னார்: அளவோடு ஏதோ ஒரு ரகசிய எண்ணைக் கூட்டிவிடுங்கள், கணக்குப் போடுகிறவருக்கு அது தெரியக் கூடாது, முடிவு வந்த பிறகு கழித்துக்கொள்ளலாம். மனசு கேட்கிற விடையை நோக்கிக் கை தானாக நகராமலிருக்க நல்ல வைத்தியம். அந்த வைத்தியத்துக்குப் பிறகு குவார்க் இருந்த இடம் தெரியவில்லை. இன்று வரைக்கும் தனிக் குவார்க் ஒன்றைக்கூட யாரும் பிடிக்கவில்லை.

ஆனால் உள்ளே ஏதோ இருக்கிறது என்பது மட்டும் 1968-லேயே தெரிந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் 3 கிலோமீட்டருக்கு மேல் நீளமான நேர்கோட்டு முடுக்கியில் எலெக்ட்ரான்களை வேகமேற்றி, ஃப்ரீட்மேன், கெண்டல், டெய்லர் குழு புரோட்டான் மீது அடித்துப் பார்த்தது. புரோட்டான் கொழகொழவென்று ஒரே பிண்டமாக இருந்தால் எலெக்ட்ரான் லேசாக விலகிப் போக வேண்டும். நிறைய எலெக்ட்ரான்கள் கெட்டியான எதிலோ மோதியதுபோலப் பெரிய கோணத்தில் திரும்பின. அந்த ஆகஸ்ட்டில் ரிச்சர்ட் ஃபெய்ன்மேன் அங்கே எட்டிப் பார்த்தார். விவரத்தைக் கேட்டார். ஒரே ராத்திரியில் விஷயம் புரிந்துவிட்டது: புரோட்டானுக்குள் புள்ளி போன்ற சரக்கு இருக்கிறது, மோதுகிற அந்தக் கண நேரத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் சுதந்திரமாகத் திரிகின்றன. இவற்றுக்குப் பார்ட்டான் என்று பெயர் வைத்தார். கால்டெக்கில் அவர் அறைக்குப் பக்கத்து அறைக்காரர் கெல்-மான். இது குவார்க்தான், என் குவார்க்தான் என்று தெரிந்தும் அந்தப் பெயரைச் சொல்லாமல் வேறு பெயர் வைக்கிறானே என்று கொதித்தார். பார்ட்டானைப் 'புட்-ஆன்' என்று, அதாவது பம்மாத்து என்று, போகிற இடமெல்லாம் கிண்டலடித்தார். நாலு வருஷம் முன்னால் இது என் பிள்ளை இல்லை என்றவர் இவர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

இங்கேதான் சிக்கல் முற்றியது. உள்ளே இருக்கும்போது குவார்க்குகள் ஏதோ விடுமுறையில் வந்தவை மாதிரி கட்டுப்பாடில்லாமல் உலாவுகின்றன. வெளியே இழுத்தால் மட்டும் வருவதில்லை. கிட்டே இருந்தால் இளக்கம், தூரப் போனால் இறுக்கம். மின்விசையோ ஈர்ப்பு விசையோ இப்படி நடந்துகொண்டதே கிடையாது. இரண்டும் விலக விலகக் குறைகிற சாதி.

கூடவே இன்னொரு வில்லங்கம். டெல்டா என்றொரு துகளில் ஒரே மாதிரி மூன்று குவார்க்குகள் ஒரே நிலையில் ஒரே பக்கம் சுழன்றுகொண்டு உட்கார்ந்திருந்தன. பவுலி விதிப்படி இது அடாவடி. ஒரே நிலையில் ஒரே மாதிரி இரண்டு பேர் இருக்கவே கூடாது. ஆஸ்கார் கிரீன்பெர்க் 1964-லேயே இதற்கு வழி சொன்னார். அடுத்த வருஷம் ஹானும் நம்புவும் வெளிப்படையாகச் சொன்னார்கள்: குவார்க்குகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத மூன்று வகை உண்டு, அதனால் மூன்றும் வேறு வேறு ஆட்கள்தான். பிற்பாடு அவற்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறப் பெயர் ஒட்டியது. நம்பு அதோடு நிற்காமல், நிறங்களுக்கு நடுவே விசையைக் கொண்டு போகிற எட்டுக் களங்கள் இருக்கும் என்றும் சொல்லிவைத்தார். அவர் எதையும் பத்து வருஷம் முன்னால் சொல்லிவிடுகிற ரகம். அதனாலேயே சொல்லும்போது யாருக்கும் புரியாது.

அந்த எட்டுக் களங்களுக்கான சமன்பாடு 1954-லேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது, வேறு வேலைக்காக. அதை எழுதிய யாங், மில்ஸ் இருவரில் யாங் அந்த பிப்ரவரியில் பிரின்ஸ்டனில் அதைப் பற்றிப் பேசினார். முன்வரிசையில் வூல்ஃப்காங் பவுலி. இயற்பியலின் மாமியார். யாங் கரும்பலகையில் முதல் கோடு போட்டதும் பவுலி கேட்டார்: இந்தக் களத்தின் நிறை என்ன? தெரியவில்லை என்றார் யாங். தொடர்ந்தார். மறுபடியும் அதே கேள்வி. அது சிக்கலான விஷயம், ஆராய்ந்தோம், முடிவு எட்டவில்லை என்றார் யாங். அது போதுமான சமாதானம் இல்லை என்றார் பவுலி. யாங் சாக்பீஸை வைத்துவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். அரங்கத்தில் சங்கடமான அமைதி. அங்கிருந்த ஆய்வு நிறுவனத்தின் தலைவர் ஓப்பன்ஹைமர், பையனைப் பேச விடுங்கள் என்று சொல்ல, மீதி பேச்சு நடந்தது. பவுலி அப்புறம் வாய் திறக்கவில்லை. மறுநாள் யாங்கின் கைக்கு ஒரு சீட்டு வந்தது. கூட்டத்துக்குப் பிறகு உங்களோடு பேச முடியாமல் செய்துவிட்டீர்களே, வருத்தம் என்று பவுலி எழுதியிருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், பவுலிக்குக் கேள்வி வானத்திலிருந்து விழவில்லை. முந்தைய வருஷம் அதே சந்துக்குள் தானும் புகுந்து, அதே சுவரில் முட்டிக்கொண்டு, சத்தம் போடாமல் திரும்பி வந்தவர் அவர்.

கேள்வி நியாயமானதுதான். சமன்பாடு அந்தத் துகளுக்கு நிறையே இல்லை என்றது. நிறையில்லாத துகள் என்றால் ஒளியைப் போல எங்கும் நிறைந்து, வெகுதூரம் போய், எல்லார் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். பட்டதா? இல்லை. அப்படியானால் சமன்பாடு குப்பை. இப்படித்தான் அந்தக் கட்டுரை வருஷக்கணக்காகத் தூசி தின்றது.

அறுபதுகளில், இந்த மாதிரிக் களங்களை வைத்து எழுதுகிற களக் கோட்பாடு முழுவதற்குமே கருமாதி நடந்துகொண்டிருந்தது. மாஸ்கோவில் லாண்டாவ் இதற்கு உரிய மரியாதையோடு அடக்கம் செய்துவிடலாம் என்று எழுதினார். பெர்க்லியில் ஜெஃப்ரி ச்யூ, அடிப்படைத் துகள் என்று எதுவும் கிடையாது, எல்லாத் துகளும் எல்லாத் துகளாலும் ஆனவை என்று ஒரு ஜனநாயகத்தைப் பிரகடனம் செய்தார். அவரிடம் பயின்ற டேவிட் கிராஸ் பிரின்ஸ்டனில் ஒரு திட்டம் போட்டார். ஸ்டான்ஃபோர்டில் பார்த்தபடி கிட்டே போகப் போக வலுக்குறையும் களக் கோட்பாடு ஒன்றுகூடக் கிடையாது என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டால் சவப்பெட்டிக்குக் கடைசி ஆணி அடித்தாகிவிடும். எல்லாவற்றையும் முடித்து, பாக்கியிருந்தது யாங்-மில்ஸ் ஒன்றுதான். அதைத் தன் 21 வயது மாணவன் ஃபிராங்க் வில்செக்கிடம் கொடுத்தார். அதே கணக்கை ஹார்வர்டில் சிட்னி கோல்மனின் மாணவர் டேவிட் பொலிட்ஸரும் எடுத்தார். கோல்மன் அந்தப் பருவத்தில் பிரின்ஸ்டனில் இருந்தார். ஆக, ஒரே கணக்கு இரண்டு ஊரில், நடுவே தகவல் சொல்ல ஒரு ஆள்.

பொலிட்ஸர் தன் நோபல் உரையிலேயே சொன்ன கதை இது. கணக்கு முடிந்தது, விடையில் மைனஸ் வந்தது, அதாவது கிட்டே போகப் போக விசை வலுக்குறைகிறது. கோல்மனிடம் சொன்னார். அப்படியா, பக்கத்து அறையில் கிராஸும் வில்செக்கும் அதையே போட்டுப் பார்த்துவிட்டார்கள், அவர்களுக்குப் பிளஸ் வந்திருக்கிறதே என்றார் கோல்மன். பொலிட்ஸர் நோட்டைத் தூக்கிக்கொண்டு மெய்ன் மாநிலத்துக்கு விடுமுறைக்குப் போனார். மறுபடியும் போட்டார். மைனஸ்தான். திரும்பி வந்து நான் சொன்னதுதான் சரி என்றார். ஆமாம், தெரியும், அவர்கள் தங்கள் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்திக் கட்டுரையையும் அனுப்பிவிட்டார்கள் என்றார் கோல்மன். 1973 ஜூனில் இரண்டு கட்டுரையும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன. 2004-ல் மூன்று பேருக்கும் சேர்த்து நோபல். அடக்கம் செய்யப் போன கிராஸ், பிணம் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் உடனே பக்தர் ஆகிவிட்டார். திடீரென்று தெய்வ தரிசனம் கிடைத்த நாத்திகனோடு தன்னை அவரே ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த மைனஸைப் பார்த்த முதல் ஆட்கள் இவர்கள் இல்லை. சோவியத்தில் வான்யாஷினும் டெரென்ட்யெவும் 1965-லேயே அதன் முகத்தில் முழித்தார்கள். விடை விசித்திரமாக இருக்கிறதே என்று ஒதுங்கினார்கள். நோவோசிபிர்ஸ்கில் க்ரிப்லோவிச் 1969-ல் சுத்தமாகக் கணக்குப் போட்டு அச்சிலும் ஏற்றினார், யாரும் படிக்கவில்லை. 1972-ல் ஒரு கூட்டத்துக்காக மார்செய் விமான நிலையத்தில் இறங்கும்போது டச்சு இளைஞர் டூஃப்ட்டிடம் ஜெர்மானியர் சிமான்சிக், எனக்கு இப்படியொரு மைனஸ் வேண்டியிருக்கிறது, எங்கும் கிடைக்கவில்லை என்று புலம்பினார். யாங்-மில்ஸில் இருக்கிறதே என்றார் டூஃப்ட், கடையில் உப்பு இருக்கிறது என்கிற தொனியில். கூட்டத்தில் எழுந்து கரும்பலகையில் எழுதியும் காட்டினார். நிஜமானால் சீக்கிரம் அச்சில் போடு, இல்லாவிட்டால் வேறு யாராவது போட்டுவிடுவார்கள் என்று சிமான்சிக் எச்சரித்தார். டூஃப்ட்டுக்கு வேறு வேலை இருந்தது. வேறு யாராவது போட்டுவிட்டார்கள்.

மைனஸ் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், சரித்திரத்தின் கும்மாளத்தில் சரக்கு நழுவிவிடக் கூடாது. மின்காந்த விசையைச் சுமந்து திரிகிற ஃபோட்டான் யோக்கியமான கல்யாணத் தரகர். இரண்டு வீட்டுக்கும் ஜாதகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும். தனக்கென்று மின்னூட்டம் கிடையாது. எதிரே இன்னொரு தரகர் வந்தாலும் கண்டுகொள்ளாமல் போய்விடும். குவார்க்குகளைப் பசை போல ஒட்டிவைக்கிற வலிய விசையைச் சுமக்கிற குளுவான், அதாவது நம்பு சொன்ன எட்டுக் களங்களின் துகள், அப்படி இல்லை. ஜாதகம் தூக்குகிற தரகருக்கே கல்யாண ஆசை. சிவப்புக் குவார்க்கைப் பச்சையாக்க வேண்டுமானால் சிவப்பையும் எதிர்ப்பச்சையையும் மடியில் கட்டிக்கொண்டுதான் அது கிளம்ப முடியும். அதாவது குளுவானுக்கே நிறம் உண்டு. நிறம் இருந்தால் வழியில் பார்க்கிற குளுவானோடெல்லாம் சம்பந்தம் பேசும். ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும், பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவே தரகர் கூட்டமே தெருவை அடைத்துக்கொள்ளும். மூன்று நிறம், மூன்று எதிர்நிறம், பெருக்கினால் ஒன்பது ஜோடி. எல்லா நிறமும் சமமாகக் கலந்து வெளுத்துப்போன ஒரு கலவை மட்டும் கணக்கில் சேராது. மீதி எட்டு. இந்த எட்டுக்கும் புத்தர் எட்டுக்கும் சம்பந்தமில்லை.

வெற்றிடம் என்பது வெறும் இடமல்ல. எலெக்ட்ரானைச் சுற்றி நொடிக்குள் தோன்றி மறையும் துகள்-எதிர்த்துகள் ஜோடிகள் அதன் மின்னூட்டத்தைப் போர்வை மாதிரி மறைக்கின்றன. கிட்டே போகப் போகப் போர்வை விலகி, மின்னூட்டம் பெரிதாகத் தெரியும். குவார்க் ஜோடிகளும் இதைத்தான் செய்கின்றன. ஆனால் நிறம் சுமக்கிற குளுவான்கள் நேர்மாறாக, நிறத்தை மறைக்காமல் சுற்றுப்புறமெல்லாம் பரப்பிவிடுகின்றன. கிட்டே போனால் பரவலின் பெரும்பகுதி முதுகுக்குப் பின்னால் போய்விடும், விசை குறையும். இரண்டு கட்சிக்கும் நடக்கிற தேர்தலின் முடிவு ஒரே வரி: 33-லிருந்து குவார்க் வகைகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கிக் கழியுங்கள். நிறத்தைக் கணக்கில் சேர்க்காமல் இயற்கையில் இருப்பது ஆறு வகை. 33-ல் 12 போனால் 21. குளுவான் கட்சிக்கு அமோக வெற்றி, மைனஸ் உறுதி. பதினேழு வகைக் குவார்க் இருந்திருந்தால் ஆட்சி கவிழ்ந்திருக்கும்.

தூரப் போனால் நடப்பது இதன் மறுபக்கம். இரண்டு மின்னூட்டங்களுக்கு நடுவே விசைக்கோடுகள் விரிந்து பரவும், அதனால் விசை நீர்த்துப் போகும். குளுவான்கள் ஒன்றையொன்று இழுப்பதால் இங்கே கோடுகள் விரியாமல் ஒடுங்கி ஒரே குழாயாகச் சுருண்டுகொள்கின்றன. குழாயின் தடிமன் மாறாது. ஆகவே எவ்வளவு தூரம் இழுத்தாலும் இழுவிசை குறையாது. எவ்வளவு விசை? சுமார் 16 டன் எடையைத் தூக்குகிற விசை. கப்பலுக்கும் கிரேனுக்கும் நடுவே அல்ல. ஒரே ஒரு குவார்க்குக்கும் இன்னொன்றுக்கும் நடுவே, மில்லிமீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு தூரத்தில். அங்கேயே ஒன்றிரண்டு மடங்கு இழுப்பதற்குள், குழாயில் சேர்ந்த ஆற்றல் புதிதாக ஒரு குவார்க்கையும் எதிர்க்குவார்க்கையும் பிறப்பிக்கப் போதுமானதாகிவிடும். குழாய் அறும், அறுந்த இரண்டு முனையிலும் புதுசாகப் பிறந்தவை போய் ஒட்டிக்கொள்ளும். தனிக் குவார்க்கை எடுக்கப் போனவர் கையில் ஒரு பையான் மிஞ்சும். கடல்நீரைக் குடம் குடமாக வடித்தவர்களுக்கும் விண்கல்லைப் பொடித்தவர்களுக்கும் ஏன் வெறும் கை என்பது இப்போது புரிந்திருக்கும்.

நிறத்தையும் எட்டு குளுவானையும் யாங்-மில்ஸையும் ஒரே முடிச்சில் கட்டிய பெருமையில் கெல்-மானோடு ஹரால்ட் ஃப்ரிட்ஷுக்கும் பங்கு உண்டு. 1968-ல் இவர் கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பிக்க, பல்கேரியக் கரையில் மடக்குப் படகை விரித்து, சின்ன மோட்டாரைப் பொருத்தி, நண்பரோடு கருங்கடலைக் கடந்து துருக்கிக்குப் போனவர். சிறையிலிருந்து வெளியே வந்த ஆள் சிறைப்பட்ட குவார்க்குகளைப் பற்றி எழுதப் போனார். 1974-ல் கென்னத் வில்சன் இடத்தையும் காலத்தையும் கட்டம் கட்டமாக வெட்டி, கணினியில் போட்டுப் பார்க்கும்படி குவார்க் சிறையின் வரைபடத்தைக் கொடுத்தார்.

பாக்கியிருந்தது குளுவானைப் பார்ப்பது. 1976-ல் ஜான் எல்லிஸ், மேரி கையார், கிரஹாம் ராஸ் மூவரும் வழி சொன்னார்கள். எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதினால் குவார்க், எதிர்க்குவார்க் எதிரெதிர்த் திசையில் பறக்கும். மேலே சொன்ன குழாய் அறுப்பு விளையாட்டு பலமுறை நடந்து இரண்டு பக்கமும் துகள் தாரை தாரையாகக் கொட்டும். எப்போதாவது குவார்க் பாதி வழியில் ஒரு குளுவானைத் துப்பினால் மூன்றாவது தாரை வரும். ஹாம்பர்க்கில் 2.3 கிலோமீட்டர் வளையமாக பெட்ரா முடுக்கி தயாரானது. நாலு குழுக்கள் காத்திருந்தன. டாஸ்ஸோ குழுவில் ஹாங்காங்கில் பிறந்த சவ் லான் வூ, ஸோபெர்னிக்கோடு சேர்ந்து மூன்று தாரையை அடையாளம் காணும் கணக்கு முறையைத் தயாராக வைத்திருந்தார். 1979 ஜூனில் ஒரே ஒரு நிகழ்வு, மூன்று தாரையோடு, கச்சிதமாக அகப்பட்டது. அந்த ஒற்றைப் படத்தை எடுத்துக்கொண்டு நார்வேக்காரர் பியோர்ன் வீக் தன் தாய்நாட்டில் பெர்கன் மாநாட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினார். ஒரே படத்தை வைத்துக்கொண்டு உலகத்தின் பசையைக் கண்டுபிடித்தேன் என்று மேடையேற ஒரு தைரியம் வேண்டும். நல்லவேளை, அடுத்த வாரங்களில் இன்னும் பல அகப்பட்டன, மற்ற மூன்று குழுக்களுக்கும் அகப்பட்டன. அங்கே பிரச்சினை ஆரம்பித்தது. யார் முதலில் பார்த்தது, யார் முதலில் நிரூபித்தது, பத்திரிகைக்காரர்களை யார் கூட்டினார்கள். குளுவான் எல்லோரையும் ஒட்டும் என்றார்கள். இங்கே எல்லோரையும் பிரித்துவைத்தது. 1995-ல் ஐரோப்பிய இயற்பியல் கழகம் வூ, வீக், ஸோடிங், வூல்ஃப் என்று டாஸ்ஸோவின் நாலு பேருக்குப் பரிசைக் கொடுத்துவிட்டு, எதற்கு வம்பு என்று நாலு குழுவுக்கும் சேர்த்து இன்னொரு பரிசையும் கொடுத்தது.

குளுவான்கள் மட்டுமே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டிய உருண்டை ஒன்று இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. இதுதான் அது என்று அவ்வப்போது ஒரு துகளைக் காட்டுவார்கள். இல்லை, குவார்க் கலப்படம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அது இன்னும் வாய்தாவில் இருக்கிறது. சிறையை உருக்கித் திறந்து பார்த்தால் என்ன என்று புரூக்ஹேவனில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டார்கள். லட்சம் கோடி டிகிரிக்கு மேல் சூடேறினால் குவார்க்கும் குளுவானும் வாயு மாதிரி கலைந்து ஓடும் என்று பெரும்பாலோர் எதிர்பார்த்தார்கள். 2005-ல் வந்த செய்தி: வாயு இல்லை, ஏறக்குறைய பிசுபிசுப்பே இல்லாத திரவம். விடுதலை கொடுத்தும் கூட்டமாகவே நகர்ந்தன.

வீட்டில் எடைபார்க்கும் மெஷின் இருந்தால் அதில் தெரிகிற எண்ணில் குவார்க்குகளின் பங்கு மிகச் சொற்பம். புரோட்டானின் நிறை 938 அலகு என்றால், உள்ளே இருக்கிற மூன்று குவார்க்கின் சொந்த நிறை சேர்த்துப் பார்த்தாலும் 9 தாண்டுவது கஷ்டம். மீதி முழுக்க அடைபட்ட குவார்க்குகளின் பரபரப்பும் குளுவான்களின் அமளியும். 70 கிலோ ஆளிடம் குவார்க் சரக்கு ஒரு கிலோகூட தேறாது. பாக்கி எல்லாம் தரகர் கமிஷன். 2008-ல் ஐரோப்பியக் குழு ஒன்று வில்சனின் கட்டங்களை வைத்துக்கொண்டு சூப்பர் கம்ப்யூட்டரில் போட்டு, புரோட்டானின் நிறையைச் சில சதவீதத் துல்லியத்தில் வரவழைத்துக் காட்டியது.

ஆக பவுலிக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லலாம்: நிறை பூஜ்யம், ஆனால் ஆளை வெளியே விடமாட்டோம். பவுலி 1958-லேயே போய்விட்டார். இருந்திருந்தால் இதுவும் போதுமான சமாதானம் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், அதுவும் நியாயமே. கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டதைக் கணித ஆட்கள் ஒப்புக்கொள்வதில்லை. யாங்-மில்ஸ் சமன்பாடு உறுதியான அடித்தளத்தில் நிற்கிறது, நிறையில்லாத குளுவானிலிருந்து கிளம்பினாலும் வெளியே தெரிவது எதற்கும் பூஜ்யத்துக்கு மேல் நிறை இருந்தே தீரும் என்று காகிதத்தில் நிரூபிக்கிறவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக 2000-ல் கிளே நிறுவனம் அறிவித்தது. அன்றைக்கு அறிவித்த ஏழு கேள்விகளில் இதுவரை தீர்ந்தது ஒன்று. அதைத் தீர்த்த ரஷ்யர் பெரெல்மான் பணம் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். யாங்-மில்ஸ் கணக்கில் வேண்டாம் என்று சொல்லவாவது ஒரு ஆள் வர வேண்டும், வரவில்லை.